தலைப்பில் நான் போட்ட வளர்ச்சி

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி இரைந்தது. இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தங்கையுமான ஜெசீமா வபாத்தாகிவிட்டார். ஜனாஸா அஸருக்குப் பின் நல்லடக்கம் செய்யப்படும். மூன்று ஆண்களின் பெயரைச் சொன்னவர்கள், அவர் யாரென்று சொல்லவில்லை. அந்தப் படியிலேயே எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது அடங்கவில்லை.

அவர் யாரென்று நான் சொல்கிறேன். எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்தவர். அதற்கு முன்னர் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் சிறுநீரகக் கலங்களை, அதாவது செல்களை, தட்டுகளில் வளர்த்து, வளர்ச்சிக் காரணி எனப்படும் புரதம் பட்டால் அவை எப்படி மாறுகின்றன என்று பார்த்தவர். தகப்பனார் படுக்கையில் விழ, ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டுச் சாய்ந்தமருதுக்கு வந்தார். “ஒரு மாப்பிள்ளைய எடுத்துக்கிட்டு இஞ்சேயே இரிக்கட்டும்” என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. ஆமாம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் தமிழ் ஆசிரியன். ஆசிரியர் அறையில் எங்கள் மேசைகள் எதிரெதிரே இருந்தன. ஒருநாள் அந்தக் காரணி என்னதான் செய்கிறது என்று கேட்டேன்.

“வாய்க்கால் கரை உடைஞ்சா மண் கொட்ட ஆக்களக் கூப்பிடுறல்லா, சேர்? அந்தக் கூப்பாடுதான் அது. சீனி வருத்தமோ பிறசரோ கிட்னியக் காயப்படுத்தினா, கலங்கள் கூப்பிடும். கரையக் கட்டினாப் போதும். ஆனா காயம் ஆறாட்டிக் கூப்பாடு நிக்காது. வந்தவனுகள் வாய்க்காலுக்குள்ளயும் மண்ணக் கொட்டி மூடிருவானுகள். அதுதான் தழும்பு. தழும்பு மூத்திரம் வடிக்காது, சேர்.”

“எல்லா வளர்ச்சிக் காரணியும் இப்படித்தானா?”

“இல்ல. நிப்பாட்டச் சொல்ற காரணியும் இரிக்கி. அதுட சத்தம் எடுபடாமப் போறதுதான் நோயே.”

இவ்வளவு தெளிவாகப் பேசியவரின் எழுத்தைத்தான் நான் திருத்தினேன்.

ஜெசீமா ரீச்சரின் மூத்த சகோதரர் வயல்காரர். ரீச்சர் அவரைக் காக்கா என்பார். எனக்கும் அவர் காக்காதான். அவருக்கு நாட்பட்ட பிறசர், அதாவது இரத்த அழுத்தம். சிறுநீரில் புரதம் போகிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள். “தழும்பு விழத் தொடங்கிட்டு. விழுந்தத எடுக்க ஏலா. மருந்த ஒழுங்காப் போட்டா மிச்சத்தக் காப்பாத்தலாம்” என்று ரீச்சர் அவருக்கு விளங்கப்படுத்தினார். பிறகு, ஊருக்கும் சொல்ல வேண்டுமென்று ஒரு நோட்டீஸ் எழுதி என்னிடம் தந்தார். அவர் போட்ட தலைப்பு: ‘சிறுநீரகத்தில் தழும்பு விழ விடாதீர்கள்.’

என் புத்தி சும்மா இருந்ததா? சிவப்புப் பேனையை எடுத்து அதை வெட்டினேன். ‘வளர்ச்சிக் காரணியும் உங்கள் சிறுநீரகமும்’ என்று எழுதினேன். கேட்க எவ்வளவு கம்பீரம்!

“சேர், வளர்ச்சி எண்டு போட்டா நம்மட சனம் நல்ல சாமான் எண்டுதான் நினைக்கும்” என்றார் ரீச்சர்.

“அதுதான் கலைச்சொல். நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது” என்றேன்.

“உங்கட தமிழோட ஆரு மல்லுக்கட்டுற?” என்று சிரித்துவிட்டு விட்டுக்கொடுத்தார். நோட்டீஸின் அடியில் அவர் பெயரும், மொழித்திருத்தம் என்று என் பெயரும் அச்சாயின. என் பெயரை நான் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

கல்முனையில் மூலிகைப் பொடி விற்கும் ஒருவர் அந்த நோட்டீஸை லெமினேற் செய்து, தன் போத்தல்களுக்கு மேலே தொங்கவிட்டார். போத்தல்களில் ‘சிறுநீரக வளர்ச்சிப் பொடி’ என்று ஒட்டியிருந்தார். தலைப்புக்குக் கீழே இருந்ததை அவர் வாசிக்கவில்லை என்று நம்ப நான் பைத்தியக்காரனல்ல. காக்கா அந்தப் பொடியை வாங்கினார். கிளினிக்கில் தந்த பிறசர் குளிசையை நிறுத்தினார். கால் வீங்கி மூச்சு முட்டும் வரை தங்கையிடம் மூச்சும் விடவில்லை. இப்போது இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம்தான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது.

ஏன் குடித்தீர்கள் என்று கேட்ட தங்கையிடம் அவர் சொன்னாராம்: “கடையில உன்ட நோட்டீசு தொங்கிச்சே, புள்ள. கீழ உன்ட பேரும் கிடந்திச்சு. உன்ன நம்பித்தானே குடிச்ச.”

இதை என்னிடம் சொன்னபோது ரீச்சர் சத்தம் போடவில்லை. “தலைப்ப மாத்திப் புதுசா அடிப்பம், சேர்” என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சொல்லில் பிழையில்லை, ரீச்சர். வாசித்தவரின் பிழை.” அந்த நாக்கு அழுகிப் போயிருக்க வேண்டும்.

ரீச்சர் என் மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்தார். “அப்ப இதத் தாங்க” என்றார்.

அன்றிலிருந்து பாடசாலை விட்டதும் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போனார். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை, நோட்டீஸ் கொடுத்த வீடுகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ‘வளர்ச்சி’யை வெட்டித் ‘தழும்பு’ என்று எழுதினார். பொடிக்கடைக்காரர் மட்டும் தொட விடவில்லை. “நீங்க எழுதினதத்தானே போட்டிருக்கன், ரீச்சர்? மறுகா என்ன?” என்றாராம்.

ஒலிபெருக்கி இரைந்த அன்று காலை, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ரீச்சர், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் போய்விட்டார். நல்லடக்கத்துக்காக மையவாடிக்கு அந்தப் பொடிக்கடைக்காரரும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். “நல்ல மனிசி. நம்மட கடைக்கும் வந்து போறவ” என்று எல்லாரிடமும் கதைத்தார். வெக்கம் கெட்ட மனிதன்! காக்காவால் குனிய முடியவில்லை. கபுறுக்குழியில் போடும் மூன்று பிடி மண்ணையும் யாரோ அள்ளி அவர் கையில் கொடுத்தார்கள்.

மறுநாள் ரீச்சரின் கணவர் அவருடைய பையில் இருந்தவற்றை என்னிடம் தந்தார்: சிவப்புப் பேனை, அந்தப் பட்டியல். எல்லா வீடுகளுக்கும் சரி போட்டிருந்தது. அடியில் அந்தக் கடை மட்டும் மிச்சம் இருந்தது.

நேரே கல்முனைக்குப் போனேன். பேனையை எடுத்து வெட்டப் பார்த்தேன். லெமினேற்றில் மை பிடிக்கவில்லை. ஆணியோடு பிடுங்கினேன்.

“சேர், அதுல உங்கட பேரும் கிடக்கே!” என்று கத்தினார் கடைக்காரர்.

“ஓம், கிடக்கு. அதனாலதான் பிடுங்குறன்” என்றேன்.

ரீச்சர், நீங்கள் கேட்டபடி புதிய நோட்டீஸ் அச்சாகிவிட்டது. நீங்கள் போட்ட தலைப்பு, ஓர் எழுத்தும் மாற்றவில்லை. என் பெயர் இருந்த இடத்தில் ‘முந்திய தலைப்பின் பிழை என்னுடையது’ என்று போட்டுக் கையொப்பமிட்டிருக்கிறேன். அல்லாஹ் உங்கள் கபுறை விசாலமாக்குவானாக. என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் பிரதியைக் காக்காவிடம்தான் கொடுத்தேன். இயந்திரத்தின் ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிடித்துத் தலைப்பை மெதுவாக வாசித்தார்.

“இப்பிடி எழுதியிருந்தா எனக்கும் விளங்கியிருக்கும், சேர்” என்றார்.