கறுப்பு மணலும் ஒரு மார்க்கும்

என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் அவளுடைய டைரியில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதி வந்தது. ஆங்கிலம். நான் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். எழுத்துக்கூட்டி வாசித்ததில், பெற்றோர் நாளை பள்ளிக்கு வர வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

எங்கள் வீடு மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில், கடற்கரையோரம். கணவர் கடலுக்குப் போகிறவர். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போன முதல் பிள்ளை இவள்தான். பள்ளி வேன் தெருவுக்குள் வராது. மெயின் ரோடுவரை நடக்க வேண்டும்.

"என்னட்டி செஞ்ச?" என்று கேட்டேன்.

"மணலுக்க நிறம் என்னன்னு பரீச்சையில வந்துச்சு. கறுப்புன்னு எழுதினேன். மிஸ் தப்பு போட்டுட்டாங்க."

மஞ்சள் என்பதுதான் விடையாம். 'மணலின் நிறம் மஞ்சள்' என்று இருபது முறை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். நோட்டை வாங்கிப் பார்த்தேன். இருபது வரியும் இருந்தது. அதற்குக் கீழே, யாரும் கேட்காத ஒரு வரி: எங்கள் ஊர் மணல் கறுப்பு. அதற்குத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் எழுதியதில் பொய் இல்லை. எங்கள் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகிற இடமெல்லாம் கறுப்பாக மினுங்கும். ஆனாலும் முதலில் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. கடப்புறத்துப் பிள்ளைகள் என்றாலே வாயாடிகள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் படித்த காலத்தில், டீச்சர் சொன்னதை அப்படியே எழுதி, தலையைக் குனிந்தபடியே பத்து வருடத்தைக் கழித்தவள்.

"மிஸ் சொன்னத மட்டும் எழுதிட்டுப் போனா என்ன?"

"எழுதினேன்லா. இருபது தடவையும் எழுதினேன். கீழ உள்ளது நான் பாத்தது."

நோட்டை மூடி அவள் பையில் வைத்தேன்.

மறுநாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். ஆசிரியைக்கு என்னைவிட வயது குறைவு. எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு தகப்பனார் ஆங்கிலத்தில் பேசினார். அவருக்கு நாற்காலி கிடைத்தது. நான் நின்றேன். என் முறை வந்ததும் ஆசிரியை மடமடவென்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எனக்கு இங்கிலீசு வராது. நம்ம பேச்சுல சொல்லுதேன்," என்றேன். "நீங்க சொன்னத இருபது தடவ எழுதிட்டா. பொறவு கண்ணால கண்டத ஒரு தடவ எழுதினா. அதுக்கு நான் பிள்ளைய ஏசணுமா?"

என் இழுவையைக் கேட்டுப் பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. நோட்டைத் திறந்து அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். பிறகு தமிழில், "எனக்குத் தர்மபுரிங்க. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தேன். உங்க கடற்கரைய இன்னும் பார்த்ததில்லை. ஆனா ஸ்கூல்ல மஞ்சள்னுதான் விடை குடுத்திருக்காங்க. மார்க்கை நான் மாத்த முடியாது," என்றார்.

"மணல நாளைக்குக் கொண்டு வரட்டா, மிஸ்?" என்று மகள் கேட்டாள்.

அவர் தலையசைத்தார்.

மறுநாள் ஒரு தண்ணீர்க் குப்பியில் மணலை அடைத்துக்கொண்டு போனாள். ஆசிரியை அதை வெள்ளைத்தாளில் கொட்டி, வகுப்பு முழுவதையும் மேசைக்கு அழைத்தாராம். ஒரு பிள்ளை சாயம் போட்டதா என்று விரலில் தேய்த்துப் பார்த்ததாம். மார்த்தாண்டத்துப் பக்கத்துப் பையன், தங்கள் ஊர் மண் சிவப்பு என்றானாம். வயல் உள்ள வீட்டுப் பிள்ளை ஒன்று, சேறு காய்ந்தால் சாம்பல் நிறமாகிவிடும் என்றதாம். பரீட்சையில் அத்தனை பேரும் மஞ்சள் என்று எழுதி மார்க் வாங்கியவர்கள். அன்று சாயங்காலம் மிஷினை நிறுத்தி வைத்துவிட்டு, இதையெல்லாம் அவளை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மாதக் கடைசியில் ரேங்க் கார்டு வந்தது. அந்த ஒரு மார்க் குறைவாகவே இருந்தது; அதனால் இரண்டாம் இடம் போய் மூன்றாம் இடம். பெற்றோர் கையெழுத்துக்கென்று ஆங்கிலத்தில் ஒரு கிறுக்கல் பழகி வைத்திருந்தேன், மற்ற அம்மாக்களைப் போலத் தெரிய வேண்டுமே என்று. அன்றைக்குத் தமிழில், என் முழுப் பெயரையும், கட்டத்துக்கு வெளியே போகிற அளவு பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.