தெருக்குத்து வீடும் மெத்தைக்கடை பாயும்

1. ஆடி வரைக்கும் கெடு

நாமக்கல்லில் நான் வீட்டுத் தரகனாக இறங்கிய நேரத்தில், வாங்க வேண்டியவர்கள் எல்லாம் "விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்று உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். லோடு பிடிக்கத் தெரிந்தவனுக்கு வீடு விற்கத் தெரியாதா என்ற தெம்பில் வேலையை விட்டேன். ஏழு மாதத்தில் ஒரு பத்திரம்கூட முடியவில்லை.

"ஆடி முடியற வரைக்கும் பாருங்க. அப்புறம் புக்கிங் ஆபீசுக்கே போயிருங்க" என்று என் மனைவி கவிதா கெடு வைத்தாள். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

கையில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வீடு. ஓய்வுபெற்ற நர்ஸ் சரஸ்வதி அக்காவுடையது. நல்ல கட்டடம், வற்றாத போர், வில்லங்கம் இல்லாத பத்திரம். ஆனால் எதிர்த் தெரு நேராக வந்து அந்த வாசலில்தான் முட்டி நிற்கும். தெருக்குத்து என்று சொல்லி ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள்.

ஒருவர் வாஸ்து நிபுணரையே கூட்டி வந்தார். நிபுணர் காம்பஸை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இந்த ஊட்ல இருக்கறவங்களுக்கு ஒடம்புக்கு ஆகாதுங்க" என்றார்.

"முப்பது வருசமா நான்தானுங்க இருக்கறேன். உங்களுக்குத்தான் மூச்சு வாங்குது, உக்காருங்க" என்று அக்கா பிரஷர் கருவியை எடுத்து வந்துவிட்டார். பார்த்தால் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நிபுணர் மாத்திரைப் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

அவரைக் கூட்டி வந்தவர் மட்டும் பாதி விலைக்குக் கேட்டுப் பார்த்தார். "பாதி விலைக்குக் குடுக்க, ஊட்ல பாதிதான் இருக்குதுங்களா?" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தூரில் அக்காவின் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. "எப்பம்மா வருவ?" என்று அந்தப் பெண் தினமும் போனில் கேட்பது எனக்கும் காதில் விழும். வீட்டை ஒப்படைக்காமல் அக்கா கிளம்ப முடியாது.

2. தலையணை வாங்கப் போனது

கவலையில் கழுத்து பிடித்துக்கொண்டது. இலவம்பஞ்சுத் தலையணை நல்லது என்றாள் கவிதா. ஜாபர் பாய் மெத்தைக்கடையைத் தேடிப் போனேன். மூன்று சந்து மாறிப் போய், ஒரு மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று, கடைசியில் பாய்க்கே போன் போட்டேன். அவரே வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப் போனார்.

தலையணை தைக்கிற அரை மணி நேரத்தில் அவருக்கு நாலு போன் வந்தது. நாலும் ஒரே பேச்சுதான். "டீக்கடை தாண்டுங்க... அந்தச் சந்து இல்லீங்க, அடுத்தது... நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்க, திரும்புங்க."

"பஞ்சு அடைக்கறதவிட வழி சொல்றதுதானுங்க எனக்கு முழு நேர வேலை" என்றார் பாய்.

தலையணையை அப்படியே போட்டுவிட்டு, அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்காவின் தெருவுக்குப் போனேன். வீட்டுக்குக் கூட்டிப் போகவில்லை. தெருவின் மறுமுனையில், மெயின் ரோட்டில் நிறுத்தினேன்.

"பாய், முதல்லயே சொல்லீர்றேன். இது தெருக்குத்து. எல்லாரும் வேண்டாம்னு போனது. நேராப் பாருங்க."

தெருக் கடைசியில் வீட்டின் முகப்பு பளிச்சென்று தெரிந்தது. பாய் வண்டியை விட்டு இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். இவரும் வேண்டாமென்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அங்க போர்டு வெச்சா, பஸ்ஸுல போறவனுக்கும் தெரியுமேங்க" என்றார்.

கீழே கடை, மேலே குடித்தனம். அக்கா கேட்ட விலைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பேரும் சிரித்த முகமாக முடித்தார்கள். "ஆடி மாசமுங்களே" என்று நான்தான் தயங்கினேன். "மழைக்கு முன்னால பஞ்ச எடம் மாத்தோணும், நாளைக்கே வாங்க" என்றார் பாய். பதிவு அலுவலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கல்யாண வீட்டாரைப் போல வரவேற்றார்கள். அந்த வாரமே அக்கா ஆத்தூர் பஸ் ஏறினார்.

3. முதல் கேள்வி

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வருகிறவரிடம் பட்ஜெட்டை முதலில் கேட்காதீர்கள். இப்போது இருக்கிற இடத்தில் என்ன சிரமம் என்று கேளுங்கள். வீட்டின் குறையை ஒளிக்காமல் நீங்களே முதலில் சொல்லுங்கள். ஒருவர் வேண்டாம் என்கிற குறையைத் தேடிக்கொண்டு இன்னொருவர் அலைந்துகொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு தவில்காரர் வந்தார். வீட்டில் வாசித்துச் சாதகம் பண்ணினால் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருகிறார்களாம். லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டைக் காட்டினேன்.

"பட்டறைச் சத்தம் காதப் பொளக்குமேங்க?" என்றார்.

"ஆமாங்க. அவங்க ஒருநாளும் உங்க மேல புகார் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

மறுநாளே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.