அக்கா நகர்த்திய படங்கள்

அக்கா வேலை பார்த்த ஸ்டுடியோ ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. முதலாளிக்கு முதுகுக்குப் பின்னால் ‘ரெடிமேட்’ என்று பெயர். கல்யாணமோ பிறந்தநாளோ, எந்த வீடியோவுக்கும் அவரிடம் ஒரே அச்சுதான். படத்தை அதில் போட்டால், அது தானாக நடுவை நோக்கி மெல்லப் பெரிதாகும். பிறகு அடுத்த படம் வரும்.

அக்கா அங்கே சேர்ந்தது ஃபோன் எடுப்பதற்கு. எடிட்டர் வேறு ஊருக்குப் போனதும், நான் செய்கிறேன் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதல் வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், சரியில்லை என்றால் பழையபடி ஃபோன் மேஜைதான் என்றார் முதலாளி. அந்த முதல் வேலை, ஓய்வு பெறும் ஒரு லிஃப்ட்காரருக்கான வீடியோ.

நான் அப்போது பட்டம் வாங்கிவிட்டு நேர்காணல் அழைப்புக்குக் காத்திருந்தேன். வீட்டில் இருந்தால் கேள்வி வரும் என்று அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா என்னைவிட நல்ல மார்க் வாங்கியவள். அவள் ஏன் போகவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது மரியாதையா, பயமா என்று எனக்கே தெளிவில்லை.

லிஃப்ட்காரர் வேலை பார்த்த அலுவலகம் கொடுத்ததெல்லாம் வருடாவருடம் வரவேற்புக் கூடத்தில் எடுத்த குரூப் போட்டோக்கள். அவர் எல்லோரையும் கீழே இறக்கிவிட்டு, லிஃப்டைப் பூட்டிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். அதனால் லிஃப்ட்காரருக்கு எப்போதும் ஓரம்தான். அச்சில் போட்டபோது ஒவ்வொரு படமும் நடுவில் இருந்த மேனேஜரை நோக்கிப் பெரிதானது. லிஃப்ட்காரர் ஃப்ரேமை விட்டே வழுக்கி வெளியே போனார்.

“மேனேஜர் தெரிஞ்சா போதும்மா, ஆர்டர் குடுத்தது அவர்தான். நாளைக்கு மத்தியானம் ஓடணும்” என்றார் முதலாளி.

“பேரு லிஃப்ட்காரருக்கு, மூஞ்சி மேனேஜருக்கா அண்ணே?”

அவர் சிரித்துவிட்டு, சாயங்காலம் வரை டைம் கொடுத்தார். அதற்குமேல் என்றால் தானே அச்சில் போட்டுவிடுவாராம்.

ஃப்ரேம் என்பது ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் படத்தை எந்தப் பக்கமும் இழுக்கலாம். அக்கா லிஃப்ட்காரர் நடுவுக்கு வரும்வரை படத்தை இழுத்தாள். அவர் வந்தார், ஆனால் அவருக்கு அந்தப் பக்கம் படமே இல்லாததால் பாதித் திரை கறுப்பாகிவிட்டது. பெரிதாக்கினாள், முகம் கலங்கிப்போனது. அவரை மட்டும் வெட்டி வைத்தாள். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி தனியாக நின்றார். கடைசியில் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி, அதன் பக்கத்திலேயே ஒட்டினாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். “ரெட்டைப் பிள்ளையா? பின்னாடி போர்டைப் பாரும்மா.” அலுவலகத்தின் பெயர் வலமிருந்து இடமாக ஓடியிருந்தது.

“விடுக்கா, யாரு கவனிக்கப் போறாங்க?” என்றேன்.

“அவர் கவனிப்பாரு” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லாப் படங்களையும் சிறிதாக்கித் திரை முழுக்கப் பரப்பினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நாற்காலியை முன்னால் இழுத்தாள். பழைய படங்களில் லிஃப்ட் கூடத்தின் வலது பக்கம். கட்டடத்தைப் புதுப்பித்த பிறகு எடுத்தவற்றில் இடது பக்கம். லிஃப்ட் இடம் மாறியபோது அவர் நிற்கும் ஓரமும் மாறியிருந்தது. பழைய படத்தை இடப்பக்கமும் புதிய படத்தை வலப்பக்கமும் வைத்து ஒட்டினாள். திரையின் நடுவில் இளவயது லிஃப்ட்காரரும் நரைத்த லிஃப்ட்காரரும் தோளோடு தோள் நின்றார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள்.

தலையும் தலையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும் என்றார் முதலாளி. அக்கா கேட்கவில்லை. தரையையும் தரையையும் சேர்த்தாள். கூன் விழுந்ததால் நரைத்தவர் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார். அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கூட்டத்தின் இடது கோடியில் தொடங்க ஒரு புள்ளி, இருவரும் நடுவுக்கு வந்ததும் நிற்க ஒரு புள்ளி வைத்தாள். படம் முகம் முகமாக நகர்ந்து போய் அங்கே நின்றது.

முதலாளி இரண்டு தடவை ஓட்டச் சொன்னார். “இதையும் ஒரு ரெடிமேடா சேவ் பண்ணி வை.”

“இது அவருக்கு மட்டும்தான் பொருந்தும் அண்ணே.”

அந்த நேரம் ஃபோன் அடித்தது. பழக்கத்தில் எழுந்த அக்காவை உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, முதலாளியே போய் எடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தின் வரவேற்புக் கூடத்தில் வீடியோ ஓடியது. லிஃப்ட்காரர் கதவோரமாக நின்றுதான் பார்த்தார். படம் நகர்ந்து நின்றபோது இரண்டு எட்டு முன்னால் வந்தார். “நான் இவ்வளவு நேராவா நின்னுட்டிருந்தேன்?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டார்.

பிறகு குரூப் போட்டோ. முதலாளி ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்ததால் கேமரா அக்கா பொறுப்பில் இருந்தது. லிஃப்ட்காரர் மேல்மாடியில் இருந்தவர்களை இறக்கிவிட்டு வந்து, வழக்கம்போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். நடுவுக்கு வரச் சொல்லி நான்கைந்து பேர் கூப்பிட்டார்கள். அவருக்குக் கூச்சம், பரவாயில்லை, பரவாயில்லை என்று இன்னும் ஓரமாகப் போனார்.

“நீங்க நகர வேண்டாம் ஐயா, அங்கேயே நில்லுங்க” என்றாள் அக்கா. கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு நேர் எதிரே வைத்தாள். மறுபடியும் பாதி ஃப்ரேம் காலி. அவள் பட்டனை அழுத்தவில்லை; கேமராவுக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

முதலில் மேனேஜர் வரிசையிலிருந்து விலகி, லிஃப்ட்காரருக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவர் பின்னால் பாதிப் பேர் போனார்கள்.