சலூன் பெரியப்பாவின் வலது முழங்கால்

என் பெரியப்பா முப்பத்தெட்டு வருடம் நின்றுகொண்டே பிழைத்தவர். அவருடைய ஒற்றை நாற்காலி சலூனில் காத்திருப்பவர்களுக்கு நீளமாக ஒரு பெஞ்சு உண்டு. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "உட்கார்ந்து வெட்டினா முடிக்கே கோபம் வரும்டா" என்பார்.

ஐம்பத்தாறாவது வயதில் வலது முழங்கால் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக் கிடக்கும். பத்தடி நடந்த பிறகுதான் இளகும். சாயங்காலம் மூட்டுக்குள் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலிருக்குமாம். யாரிடமும் மூச்சு விடவில்லை. கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தால் குனிந்து எடுக்கமாட்டார். மேசையிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொள்வார். ஒரு சனிக்கிழமை கடையைக் கூட்டப்போன பெரியம்மாவுக்கு நாற்காலிக்கடியில் ஏழு சீப்புகள் கிடைத்தன.

"என்னங்க இது, சீப்பு குட்டி போட்டிருக்கா?"

"நாளைக்கு எடுக்கலாம்னு விட்டேன்."

"முட்டி வலிக்குதா?"

"வலியா? எனக்கா?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒரு திங்கட்கிழமை காலையில் பள்ளித் தலைமையாசிரியர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இருபது வருட வாடிக்கையாளர், அடர்ந்த மீசைக்காரர். மீசையின் ஓரத்தை ஒதுக்கப் பெரியப்பா டிரிம்மரை வைத்த நேரம் பார்த்து முழங்கால் மடங்கிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து, விழாமல் தப்பித்தார். ஆனால் மீசையில் பாதி துண்டின்மேல் கிடந்தது.

இருவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், மீதியையும் எடுத்துடுங்க" என்றார் தலைமையாசிரியர். "பாதியோட போனா இன்னிக்கு எந்தப் பிள்ளையும் பாடம் கவனிக்காது."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கால் சார்... ரெண்டு வருஷமா நிக்கவே முடியல" என்றார். வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. தலைமையாசிரியர் எழுந்து, அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டுப் பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "மூட்டுத் தேய்மானம். தேஞ்சது திரும்ப வளராது. ஆனா வலியைக் கட்டுக்குள்ள வச்சுக்கலாம். ஆபரேஷன் எல்லாம் இப்போ வேண்டாம்." முதல் இரண்டு வாக்கியங்கள்தான் பெரியப்பாவின் காதில் விழுந்தன. கடையைப் பூட்டிவிட்டுப் படுத்தவர் நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. கால் இன்னும் இறுகியது.

ஐந்தாம் நாள் பெரியம்மா போர்வையை உருவினார். "படுத்தா சரியாகும்னா நான் எப்பவோ படுத்திருப்பேன். கிளம்புங்க."

பிசியோதெரபி பார்த்த பெண்ணுக்குப் பெரியப்பாவின் மகளாக இருக்கும் வயதுதான். "வீட்ல துண்டு இருக்கா ஐயா?" என்று கேட்டாள்.

"சலூன் வச்சிருக்கேம்மா. என்கிட்ட துண்டைத் தவிர வேற எதுவும் இல்ல."

துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ண வேண்டும். பத்துத் தடவை, தினம் மூன்று வேளை. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். உடம்பிலும் ஐந்தாறு கிலோ குறைய வேண்டும். "நின்னுட்டே இருக்காதீங்க, உட்கார்ந்துட்டே இருக்காதீங்க. மாத்தி மாத்திப் பண்ணுங்க" என்றாள்.

பெரியம்மா தெரிந்த பல் டாக்டரிடம் சொல்லி, சக்கரம் வைத்த பழைய ஸ்டூல் ஒன்றை வாங்கி வந்தார். முதல் நாள் பெரியப்பா இடது காலால் ஒரு உந்து உந்தினார். ஸ்டூல் அவரை அலமாரியில் கொண்டுபோய் மோதியது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. வாடிக்கையாளரின் நாற்காலியைத் தாழ்த்தி, பிடரிக்கும் காதோரத்துக்கும் உட்கார்ந்து வெட்டினார். உச்சிக்கு மட்டும் எழுந்தார். முடி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐந்து வருடமாகிறது. வலி போய்விடவில்லை. முழங்காலுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருக்கிறார். "மாப்பிள்ளை இன்னிக்கு முறுக்கிக்கிட்டிருக்கார்" என்றால், பெரியம்மா வெந்நீர்ப் பையை எடுத்து வருவார். மாத்திரை ரொம்ப மோசமான நாளில் மட்டும்தான், அதுவும் டாக்டர் சொன்ன கணக்குக்கு மேல் கிடையாது. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறார். இரண்டு தலைக்கு நடுவே கால் மணி நேரம் அவருக்கே அவருக்கு.

போன மாதம் நான் முடி வெட்டப் போனேன். பாதியில் கத்தரியை வைத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் இருடா" என்று காலை நீட்டி அழுத்த ஆரம்பித்தார். முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி முடித்திருப்பார். பெரியம்மா டீ கொண்டு வந்தார். அரைகுறைத் தலையோடு நானும் குடித்தேன். பெரியப்பா எழுந்து மீதியை வெட்டி முடித்துவிட்டுத் துண்டை உதறினார்.

"பெரியப்பா, ஒரு பக்கம் கொஞ்சம் நீளமா இருக்கே?"

ஸ்டூலைப் பின்னால் உருட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இப்போ அதுதான்டா பேஷன்" என்றார்.