தண்ணீர் ஊற்றும் பெண்

டூசானில் மழை வந்தால் யாரும் ஒதுங்க ஓடுவதில்லை. கடைக்காரர், தபால்காரர் எல்லாரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து நனைகிறார்கள். பாலைவனத்து ஊர். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த புதிதில், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று நான் கூரையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் வரைவதுதான் இங்கே என் பிழைப்பு. பாலைவனப் பயணத்தை வைத்து டாரட் சீட்டுக்கட்டு ஒன்று கொண்டுவர விரும்பிய லிண்டா, 'நட்சத்திரம்' என்ற சீட்டை என்னிடம் கொடுத்தார். நட்சத்திரத்தின் கீழே ஒரு பெண் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பாள். நம்பிக்கையின் சீட்டு அது. ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், கொதித்துவிட்டாள்.

"குறி பாக்குற சீட்டாடி? ஆண்டவரு குடுத்த கைய வெச்சிக்கினு இன்னா வேலை பண்ற நீ?"

"படந்தாம்மா வரையறேன். குறி சொல்லல."

"அத வெச்சி எவளோ சொல்லப்போறா இல்ல?"

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவேயில்லை.

படத்துக்கு இடம் பார்க்க லிண்டா என்னை நாட்டின் எல்லைப் பக்கம் அழைத்துப்போனார். கள்ளிகளுக்கு நடுவே, நீலக் கொடி கட்டிய ஒரு தண்ணீர்ப் பீப்பாய். பக்கத்தில் கடை இருக்குமென்று நினைத்து, "எவ்வளவு?" என்றேன். அவர் அது எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று விளக்கினார். விலையைக் கேட்டேன் என்றதும் அவர் முகம் மாறியது.

"விற்பதற்கில்லை. எல்லை தாண்டி நடந்து வருகிறவர்களுக்கு. தாகத்தில் செத்துப்போகிறார்கள்."

நான் விசாவோடு விமானத்தில் வந்து இறங்கியவள். குழாய்க்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நிற்கும் இடத்தில், கோடைதோறும் கோயில் பெண்கள் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அம்மாவும் போவாள். யார், எந்த ஊர் என்று கேட்காமல் நீட்டிய கைகளில் ஊற்றிக்கொண்டே இருப்பாள். வீடு திரும்பியதும் அவளையே வரைந்தேன்: புடவை கட்டி, அந்தப் பீப்பாயில் குடத்தைக் கவிழ்க்கிறாள். பின்னால் ஒரு நீல மலைத்தொடர். படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, தண்ணீர் யாருக்கு என்பதையும் எழுதினேன்.

அன்றைக்கே கூப்பிட்டாள்.

"நெசமாவே சாவுறாங்களா?"

"ஆமாம்மா."

"பொடவைய இழுத்துச் சொருவினாப்ல போடு. தண்ணி ஊத்தறவ அப்படித் தொங்கவுட்டுக்கினா நிப்பா?"

சொருகிவிட்டேன்.

"பின்னாடி நம்ப கல்வராயன் மலதான?" என்றாள். மறுநாள் சீட்டைப் பார்த்த லிண்டா அதே மலையைத் தொட்டு, "நாம் போன வழியில் பார்த்தோமே!" என்றார். வரைந்தவள் நான், இரண்டு பேரிடமும் ஆமாம் என்றேன்.