பாம்புச்செவியும் ஐந்து வோல்ட்டும்

என் அக்கா புருஷனுக்குப் பாம்புச்செவி. ஊர் கொடுத்த பட்டம் இல்லை, அவரே தனக்குச் சூட்டிக்கொண்டது. வீட்டுக்குப் புதிதாக யாராவது வந்தால், உட்கார நாற்காலி கிடைக்கிறதோ இல்லையோ, இந்தத் தகவல் கிடைத்துவிடும். மாடிப்படி ஏறும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவாராம். பக்கத்து வீட்டு மிக்ஸியில் பேரிங் தேய்ந்துபோனதைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே கண்டுபிடித்தாராம். பக்கத்து வீட்டில் இன்றுவரை அதே மிக்ஸியில்தான் அரைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நான் அவர்களுக்கு மேல் மாடியில் குடியிருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பகலெல்லாம் பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், வீட்டுக்கு வந்ததும் ஃபேனைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் படுக்க ஆசைப்படுவது தப்பா? மாமாவைக் கேட்டால் தப்பு என்பார். என் ஃபேன் அவர் தலைக்குள்ளேயே சுற்றுகிறதாம்.

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். கண் பார்க்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்கள் மூக்கில் ஒரு கனத்த ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்லதா, ரெண்டாவதா?" என்று கேட்பார். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இந்த ஒரே கேள்விதான். அதில் ஒரு குசும்பும் உண்டு. ஆள்மேல் சந்தேகம் வந்தால், லென்ஸைக் கழற்றுவதுபோலக் கழற்றி அதே லென்ஸையே திரும்பப் போடுவார். "ஆங், இப்ப பளிச்சுன்னு தெரியுது" என்பார் அந்த ஆள். இதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"ஜனங்களுக்குத் தன் கண்ணு மேலேயே நம்பிக்கை இல்ல மாப்ளே. மாத்திட்டேன்னு நெனச்சாலே போதும், மாறிடுச்சும்பாங்க."

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், எதையோ மென்றுகொண்டே பேசுகிறவர்கள் என்று எல்லோர் சொல்வதையும் புரிந்துகொண்டு, எந்த வார்டு, எந்த டாக்டர் என்று லைன் கொடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்தக் காதுக்கு அவள் எந்தப் பட்டமும் சூட்டியதில்லை.

இந்த இரண்டு ஜோடிக் காதுகளுக்கும் நடுவில் வந்து விழுந்ததுதான் கன்வெர்ட்டர். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டைக் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தரும் சர்க்யூட் அது. கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். பாம்புச்செவிக்கு ரெடிமேட் ஒத்துக்கொள்ளுமா? வெறும் போர்டும் உதிரிப் பாகங்களுமாக வாங்கிவந்து, தானே சால்டர் வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, அக்காவின் சாப்பாட்டு மேஜையை ஒரு மூலையில் கருக்கி, ஒருவழியாகச் செய்து முடித்தார். பிஸ்கட் பாக்கெட் அளவுதான் இருந்தது. ஹெட்போனில் பாட்டுப் போட்டுக் காட்டினார். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அது வேலை செய்ய ஐந்து வோல்ட் கரன்ட் போதும். அக்காவின் பழைய போன் சார்ஜரைச் செருகியிருந்தார். மனிதர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

"இரையுது," என்றார்.

"எது மாமா?"

"பாட்டு நிக்கிற எடத்துல கேளு. பின்னாடி ம்ம்ம்னு ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு. சார்ஜர் கரன்ட் சுத்தம் இல்ல. பவர் சப்ளையை மாத்தணும்."

கரன்ட்டில் சுத்தம் அசுத்தம் எல்லாம் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். நான் கேட்டுப் பார்த்தேன், அக்காவும் கேட்டுப் பார்த்தாள். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் மாட்டிய அட்டையில் முதல் எழுத்தையே படிக்க முடியாத ஆளைப் பார்ப்பதுபோல மாமா எங்களைப் பார்த்தார்.

அன்றைக்கு ஆரம்பித்தது சுத்தக் கரன்ட் தேடும் படலம். இணையத்தில் இவரைப் போன்றவர்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. தனி ஒருவரின் கிறுக்கு என்று நினைத்திருந்த எனக்கு, அது ஒரு கூட்டமே என்று தெரிந்ததும் இன்னும் பயமாகிவிட்டது. இரும்புப் பெட்டியில் வரும் சப்ளைதான் நல்லது என்றார் ஒருவர். மாமா வாங்கினார். இரைந்தது. அதெல்லாம் குப்பை, டிரான்ஸ்பார்மர் வைத்துக் கட்டினால்தான் கரன்ட் என்றார் இன்னொருவர். செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தது. கரன்ட்டை வடிகட்ட டம்ளர் டம்ளராகக் கெபாசிட்டர்கள் வந்தன. பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தீனி போட ஒரு பெட்டி நிறைய இரும்பு. சுவிட்சைப் போட்டதும் அந்த டிரான்ஸ்பார்மரே மேஜையோடு சேர்ந்து உறுமியது.

"இப்பதான் எனக்கும் கேக்குது மாமா," என்றேன்.

"அது டிரான்ஸ்பார்மர் உறுமுறது. அதை விடு. அதுக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு பாரு, நான் அதைச் சொல்றேன்."

பழி அடுத்து ஃபிரிட்ஜ் மேல் விழுந்தது. அதை அணைத்துவைத்துக் கேட்டார். பால் திரிந்ததுதான் மிச்சம். பிறகு என் ஃபேன். பிறகு மொத்தக் கட்டடத்துக்கும் தண்ணீர் ஏற்றும் மோட்டார். வாட்ச்மேனிடம் போய், பாட்டு கேட்கப்போகிறேன், மோட்டாரைப் போடாதே என்று சொல்லிவிட்டு வந்தார். தலையில் சோப்போடு குளியலறையில் நின்ற நான் அந்தப் பாட்டை வாழ்த்தினேன். கடைசியில் பேட்டரிக்கு வந்தார். பேட்டரியில் இரைச்சல் வர வழியே இல்லை என்று, அதுவரை எதிலும் ஒத்துப்போகாத அந்தக் குழு ஒரே குரலில் சொன்னது. மாமாவுக்கு அதிலும் இரைந்தது.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஒவ்வொரு சப்ளை வரும்போதும் அக்காவையும் பிடித்து உட்காரவைத்தார். நாளெல்லாம் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு வீடு திரும்பியவள் காதில் இன்னொன்றை மாட்டி, "முதல்லதா, ரெண்டாவதா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தாங்க இருக்கு."

"நல்லாக் கேளு."

"எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலீங்க."

"தெரியாது. உனக்குக் காது மந்தம்."

முதலில் கோபத்தில் சொன்னார். பிறகு அதுவே அவருக்கு ஜோக் ஆகிவிட்டது. யார் வந்தாலும், "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, எங்க வீட்டம்மாவுக்குக் காது மந்தம்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள், அக்காவும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனில் விக்கி விக்கி அழுகிற ஒரு ஆளிடமிருந்து நோயாளியின் பெயரைச் சரியாகக் கேட்டு வாங்குகிறவளுக்கு இந்தப் பட்டம்.

ஒரு நாள் சாயங்காலம் படியில் என்னை நிறுத்தினாள். முகம் சரியாக இல்லை.

"டேய், ஆபீஸ்ல என்னைக் காது டெஸ்ட் பண்ணிட்டு வரச் சொல்லிட்டாங்க."

"எதுக்கு?"

"நான் எல்லார்கிட்டயும் மறுபடி மறுபடி கேக்குறேனாம். என்ன சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்கன்னு. ஒரு ஆள் எரிஞ்சு விழுந்து மேல புகார் பண்ணிட்டாரு. டெஸ்ட்ல சரியில்லன்னா போன் சீட்டுலேருந்து தூக்கி, பின்னாடி ரூம்ல ஃபைல் அடுக்கப் போட்டுடுவாங்க."

"உனக்குக் கேக்காமலா திருப்பிக் கேக்குறே?"

"கேக்குது. ஆனா சரியாத்தான் கேட்டுச்சான்னு சந்தேகமா இருக்கு. அவரு அவ்வளவு தீர்மானமாச் சொல்றாரே. நெஜமாவே என் காது போயிடுச்சோ என்னவோ."

ஜனங்களுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை என்று சிரித்த மனிதர், வீட்டில் ஒருத்தியின் காதை அவளுக்கே இல்லாமல் ஆக்கியிருந்தார். அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல இருந்தது. கனம் கருதி விட்டுவிட்டேன்.

மறுநாள் எல்லோருக்கும் விடுமுறை. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தயார் பண்ணிக்கொண்டு கீழே போனேன். எனக்கு முன்பே அக்கா அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு டெஸ்ட்டுங்க. அதுக்குள்ள அந்த இரைச்சலை எனக்குக் கேக்கச் சொல்லிக் குடுங்க. அது பிடிபட்டுட்டா டெஸ்ட்லயும் எல்லாம் கேட்டுடும்ல?"

என் நாலு வார்த்தையை ஒத்திவைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மாமாவுக்கோ பாடம் நடத்த ஆள் கிடைத்த சந்தோஷம். மேஜையில் சார்ஜர், டிரான்ஸ்பார்மர் பெட்டி, பேட்டரி மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"பாட்டே வேண்டாம். வெறும் இரைச்சலை மட்டும் கேப்போம். நான் கண்ணை மூடிக்கிறேன், நீ சப்ளையை மாத்திக்கிட்டே வா. எதுல எவ்வளவு இருக்குன்னு நான் சொல்றேன். அப்புறம் நீ அதையே கேட்டுப் பாரு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கச்சேரிக்கு வந்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் ஒயர் இழுபட்டு, ஹெட்போன் ஜாக் பின் கன்வெர்ட்டரிலிருந்து கழன்று நாற்காலிக் காலோரம் தொங்கியது. அவருக்குத் தெரியவில்லை. பாம்புச்செவிக்கு அது கழன்ற சத்தமும் கேட்கவில்லை.

அக்கா பார்த்தாள். நானும் பார்த்தேன். செருகிவிடலாமென்று குனிந்தவள் பாதியில் நின்றாள். மெல்ல நிமிர்ந்தாள். சார்ஜர் மேலும் பெட்டி மேலும் கையே வைக்காமல், ஹெட்போனைத் தாண்டிக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"முதல்லது."

"ம். இரையுது. நல்லாவே இரையுது. சார்ஜர்."

"ரெண்டாவது."

"இது தேவல. டிரான்ஸ்பார்மர்தானே?"

"மூணாவது."

"பேட்டரி. இதுலயும் இருக்கு, ஆனா மெல்லிசா. கவனிச்சாத்தான் தெரியும். உனக்கு இது சிரமம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அத்தனை நாள் சேர்த்துவைத்த சிரிப்பு தொண்டைவரை வந்து நின்றது. அக்காவும் சிரிப்பாள் என்று அவளைப் பார்த்தேன். ஒரு நொடி அவள் முகம் தெளிந்தது. தன் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த நொடி, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பார்த்ததும் அந்த முகம் மாறிவிட்டது. குனிந்து பின்னை எடுத்து, அவர் கையைப் பிரித்து உள்ளங்கையில் வைத்தாள்.

"நான் எதையும் மாத்தலீங்க. இது எதுலயும் செருகியே இல்ல."

மாமா கண்ணைத் திறந்தார். கையிலிருந்த பின்னைப் பார்த்தார். அதிலிருந்து ஒயரைத் தடவிக்கொண்டே காதுவரைக்கும் போனார். வாதாடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இப்பவும் கேக்குது," என்றார்.

அக்கா அவர் மடியிலிருந்த ஹெட்போனை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"கடையில, பஸ்ஸுல, எங்கயும் கேக்கும். எல்லா எடத்துலயும் எதாவது ஓடிக்கிட்டுத்தான் இருக்குன்னு நெனச்சேன்." பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்குத்தான் போலிருக்கு."

அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்காக இன்னொரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் டெஸ்ட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். அக்காவின் காது பழுதில்லை என்று எழுதியே கொடுத்தார்கள், அவள் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தாள். மாமாவையும் வெளிச்சத்தம் நுழையாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்களாம். இவர் சத்தமே இல்லாதபோதெல்லாம் அமுக்கியிருக்கிறார். அது காதுக்குள்ளேயே எழுகிற இரைச்சலாம். வயதானால் சிலருக்கு வருமாம். நிறுத்த முடியாது, பழகிக்கொள்ளத்தான் வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த சப்ளையை மாற்றியும் பயனில்லாத இடத்தில் இருந்தது அது.

மாமா யாரிடமும் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை. என் ஃபேன் இன்னும் காத்திருக்கிறது. ஆனால் போன வாரம் கடை முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார். நாற்காலியைக் காட்டிவிட்டு மாமா சொன்னார், "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்குக் காது மந்தம்." முதலாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "சும்மா இருங்க," என்றாள்.

டிரான்ஸ்பார்மர் இப்போது என் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. கன்வெர்ட்டர் பழைய போன் சார்ஜரில் ஓடுகிறது. பாட்டுப் போடுவதற்கு முன்னால் மாமா ஹெட்போனை முதலில் அக்காவிடம் நீட்டுகிறார்.

"இரையுதா?"

அவள் மாட்டிக்கொண்டு கேட்கிறாள், அவசரப்படாமல். "இல்லீங்க. சுத்தமா இருக்கு."

"சரி," என்று வாங்கி மாட்டிக்கொள்கிறார். அவருக்கு இரைந்துகொண்டுதான் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அவள் சொல்லிவிட்டால் அவருக்கு அது சுத்தம்தான்.