உபதேசியார் என்னிடம் கேட்டது

முள் நடுங்கி நடுங்கி நடுவில் வந்து நின்ற அந்த நொடி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை மேட்டில் நிறுத்தியிருந்த வேனுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். வெளியே அண்ணாந்து பார்த்தவர்களுக்கு எங்கள் பலூன் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. அதன் அடியில் தொங்கிய தொலைநோக்கி சூரியனைத் தேடிக்கொண்டிருந்தது. ரேடியோ வழியாக நான் ஒரு கட்டளை அனுப்பினால் அது சற்றே திரும்பும். இன்னொன்று அனுப்பினால் நிமிரும். சூரியன் அதன் பார்வையில் விழுந்ததும் என் முன்னால் இருந்த கருவியின் முள் அசையாமல் நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். காற்றும் தூசும் கீழே தங்கிவிட்ட உயரத்தில், பகலிலும் வானம் கறுத்துக் கிடக்கும் இடத்திலிருந்து சூரியனைப் படம் எடுக்கிறோம் என்ற கர்வம் எனக்கு. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அறுபதுகளின் கடைசி.

இன்று செயற்கைக்கோளில் ஏற்றிய தொலைநோக்கிகள் ஆண்டுக்கணக்கில் இமைக்காமல் சூரியனைப் பார்க்கின்றன, பார்த்ததை உடனே அனுப்பியும் விடுகின்றன. எங்களுக்கு அந்த வசதி கிடையாது. படம் பிலிமில் இருக்கும். பிலிம் ஒரு பெட்டிக்குள். பாராசூட் எந்த ஊரில் இறங்குகிறதோ அங்கே போய்ப் பெட்டியை எடுத்துவர வேண்டும். எங்கள் தலைவர் வடக்கத்திக்காரர், தமிழில் ஒரு சொல் தெரியாதவர். அந்தத் தொலைநோக்கிக்காகத் தன் வாழ்க்கையில் நல்ல ஆண்டுகளைக் கொடுத்தவர். நான் தர்மபுரிக்காரன் என்பதால் ஊர் மக்களிடம் பேசும் வேலையும் என்னுடையது.

பிலிம் ஏற்றுவதும் என் வேலைதான். கறுப்புத் துணிப்பைக்குள் இரண்டு கைகளையும் நுழைத்து, கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித்தான் ஏற்ற வேண்டும். பிறகு பெட்டியின் மூடியில் மூலைக்கொரு திருகாணி, விளிம்பைச் சுற்றிக் கறுப்பு டேப். அன்று காலை காற்று எழும்பப்போகிறது, சீக்கிரம் விட்டாக வேண்டும் என்று வெளியே கத்தினார்கள். இரண்டு மூலைகளை முடுக்கிவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலூன் கயிற்றைப் பிடிக்க ஓடினேன். அந்தப் பிறகு வரவே இல்லை.

மறுநாள் பெட்டியை எடுக்க ஜீப்பில் போகும்போது சிகரெட்டுக்காகத் தீப்பெட்டி தேடினேன். சட்டைப்பையில் இரண்டு திருகாணிகள் விரலில் தட்டுப்பட்டன. என்ன நடந்திருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. முன்சீட்டில் தலைவர் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். இண்டூரைத் தாண்டியதும் திருகாணிகளைச் சாலையோரப் புதரில் எறிந்தேன்.

பாராசூட் இறங்கியது உள்ளடங்கிய ஒரு சிற்றூரில். பாதி வீடுகள் கத்தோலிக்கக் குடியானவர்களுடையவை. சிறிய கோயில் ஒன்று இருந்தது. பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பதும் உபதேசியார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டிருந்தார். கேழ்வரகுக் கொல்லையில் விழுந்த தொலைநோக்கியை ஊர் ஆட்கள் பிய்த்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். இவர்தான் அவர்களை விரட்டி, ஆள் வைத்துத் தூக்கி வந்து, கோயிலுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தார். தவக்காலத்தில் புனிதர்களின் சுரூபங்களை மூடி வைக்கும் ஊதாத் துணியால் எங்கள் பெட்டி போர்த்தப்பட்டிருந்தது.

"மூடி ஒரு பக்கம் வாயத் தொறந்துட்டுக் கெடந்துச்சுங்க. வெளிச்சம் படக்கூடாதோ என்னமோன்னு துணியப் போட்டு வெச்சேனுங்க" என்றார் உபதேசியார்.

தலைவர் மூடியைப் பார்த்தார். முகம் வெளுத்தது. இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று என்னிடம் கேட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மூடியைத் தூக்கினானாம், பயந்துபோய்த் துணியைப் போட்டானாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. நீ ஒழுங்காக மூடினாயா என்று கேட்டார். அம்மாவின் மேல் சத்தியம் என்றேன். உபதேசியார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். பாராட்டிப் பேசிக்கொள்கிறோம் என்று நினைத்திருப்பார்.

கழுவிப் பார்த்ததில் பிலிம் முழுவதும் கறுப்பு. அரசாங்கச் சொத்தைப் பாழாக்கியதாகத் தலைவர் போலீஸில் புகார் கொடுத்தார். மொழிபெயர்த்துச் சொல்ல நானும் போனேன். உபதேசியாரைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்த எஸ்.ஐ. தொடக்கத்தில் மோசமாக நடந்துகொள்ளவில்லை. விஷயத்தைச் சீக்கிரம் முடிக்கவே பார்த்தார்.

"யோவ் உபதேசி, ஒன் சாமி மேல கைய வெச்சு, நான் தொறக்கலைன்னு ஒரு சத்தியம் பண்ணு. வூட்டுக்கு அனுப்பிடறேன்."

"சத்தியம் பண்றதில்லீங்க, வேதத்துல கூடாதுன்னு இருக்குதுங்க. புள்ளைங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தரேன். தொறக்கலீன்னா தொறக்கலீங்க, அவ்வளவுதான்."

எஸ்.ஐ. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீங்களா சார்? சாமிக்கு மட்டும் பயப்படறான்."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு, எறிந்த திருகாணிகளைவிடப் பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகுதான் லத்தியை எடுத்தார்கள்.

உபதேசியாரின் மனைவி எங்கள் முகாமைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு கோழி. ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித் தலைவரைக் கேட்க வேண்டுமாம். தலைவர் கூடாரத்தில்தான் இருந்தார். ஊரில் இல்லை, வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கோழியைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. டிரைவர் அதை நன்றாகச் சமைத்தான். நானும் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் உபதேசியார் ஒத்துக்கொண்டார். ஆமாங்க, நான்தான் தொறந்தேன் என்று சொல்லிவிட்டாராம். தலைவருக்கும் ஆத்திரம் அடங்கியிருந்தது. வழக்கு வேண்டாம் என்றார். ஆனால் பாதிரியார் கோயில் சாவியை வாங்கிக்கொண்டார். பொய் சொன்னவன் பிள்ளைகளுக்கு எப்படி ஞானோபதேசம் சொல்ல முடியும்? ஊருக்குள் அவரைச் சூரியப்பொட்டி என்று கூப்பிட ஆரம்பித்ததாக டிரைவர் வந்து சொல்லிச் சிரித்தான். அடுத்த ஆண்டு பறந்த பலூனில் படங்கள் அருமையாக வந்தன. எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிற்பகலில் பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்தேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. கூட்டத்தின் நடுவே என் சட்டையைப் பிடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கும்பிட்டார்.

"சார், ஒங்களத்தான் இத்தன வருசமாத் தேடறேன். பொட்டியப் பக்கத்துல இருந்து பாத்தவரு நீங்க. ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லணும்."

கேளுங்கள் என்றேன்.

"ஸ்டேசன்ல தலையில ஒரு அடி பட்டுச்சுங்க. அதுலேருந்து அந்த ரெண்டு மூணு நாள் நெனவே கலங்கிப்போச்சு. மொதல்ல தொறக்கலைன்னு சொன்னேன். அப்புறம் தொறந்தேன்னு சொன்னேன். ரெண்டுல ஒண்ணு பொய்யிங்களே. எதுன்னு தெரியாம சாமியார்கிட்ட என்னன்னு பாவசங்கீர்த்தனம் பண்றது? அது பண்ணாம பூசையில நன்ம அப்பம் வாங்கவும் மனசு வரல. பூசைக்குப் போயி கடைசீல நின்னுட்டு வந்துடறேன். நீங்க சொல்லுங்க சார். நான் தொறந்தேனுங்களா?"

சுற்றிலும் எங்களை அறிந்தவர் யாரும் இல்லை. தலைவர் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டிருந்தார். உண்மையைச் சொன்னால் என் வேலைக்கும் ஒன்றும் வந்துவிடாது. ஒரு சொல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன்.

"ஆமா. நீங்கதான் தொறந்தீங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தோள்கள் இறங்கின. ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவர் போல நீளமாக மூச்சு விட்டார்.

"இப்பத்தான் சார் மனசு ஆறுது. ஞாயித்துக்கெழமையே சாமியார்கிட்டச் சொல்லி மன்னிப்பு வாங்கிடறேன். நீங்க நல்லா இருக்கணும்."

ரயில் வந்தது. நான் தடுத்தும் கேட்காமல் என் பெட்டியைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். இறங்கிப்போய் என் ஜன்னலுக்கு நேராக, கைகளைக் கூப்பியபடி நின்றார். வண்டி நகரும் வரை அவர் போகமாட்டார் என்று தெரிந்தது. வெயில் முகத்தில் அடிக்கிறது என்று எதிரில் இருந்தவரிடம் சொல்லி, ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.